பிரஷரும் வலது பக்க வளைவுகளும்

சிங்கப்பூரில் உட்காரத் தெரியாத மனிதன் ஒருவன் இருந்தான் என்றால் அது பிரஷர்தான். நின்றுகொண்டே சாப்பிடுவான், நடந்துகொண்டே சவரம் செய்வான். ஆபீசில் அவன் நாற்காலி வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. நானும் அவனும் ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்குகள். கெர்பாவ் ரோட்டில் பாக்கியம் அக்கா வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கு ஒன்று இருந்தது. எங்கேயாவது கையெழுத்துப் போடச் சொன்னால் அவனே ஒரு கணம் யோசித்துத்தான் போடுவான்.

பட்டப் பெயருக்குக் காரணம், வீட்டுக்குப் பின்னால் சந்தில் நின்ற ஒரு பழைய இங்கிலாந்துக் கார். அறுபதுகளின் தொடக்கம் அது. அப்பர் தாம்சன் ரோட்டை அடைத்துக் கார்ப் பந்தயம் நடத்துவார்கள். சின்னக் கார்களுக்கான பிரிவில் ஓடியே தீருவது என்று பிரஷர் முடிவு செய்தான். எஞ்சினைப் பிரித்தான். சிலிண்டர் தலையைச் சீவினான். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டை வைத்தான். சளி பிடித்தது போல இருமிக்கொண்டிருந்த கார், தெருவிலுள்ள நாய்களெல்லாம் ஓடி ஒளியும்படி உறுமத் தொடங்கியது.

ஒரே ஒரு குறை. வேகமாக வலது பக்கம் திரும்பினால், ஆயில் பிரஷர் மீட்டரின் முள் தொபுக்கென்று கீழே விழுந்தது.

"எண்ணெய் போகலேன்னா பேரிங் போச்சு. பேரிங் போனா எஞ்சின் போச்சு. எஞ்சின் போனா நான் போயிட்டேன்லா" என்றான்.

ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும். ஆகவே மீட்டரைப் பார்க்க நான் நியமிக்கப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தாம்சன் ரோட்டுப் பக்கம் போவோம். மரங்கள் ஜன்னலில் மோதுவது போல வரும். நான் கண்ணை மீட்டரிலிருந்து எடுக்கக் கூடாது.

"அம்பது... நாப்பத்தஞ்சு... நாப்பது..." வண்டி வலது பக்கம் திரும்பும். "இருபது! பத்து! முருகா!"

"முருகா எவ்வளவுடா? நம்பர் சொல்லு கணேசு!"

கெட்டியான எண்ணெய் ஊற்றிப் பார்த்தான். பிரஷர் வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கிப் பார்த்தான். நேர் ரோட்டில் முள் கம்பீரமாக நின்றது. வலது வளைவு வந்ததும் பழையபடி விழுந்தது. பிரஷருக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் கப்பல் சரக்குப் பட்டியலின் ஓரங்களிலெல்லாம் எண்ணெய்த் தொட்டிப் படங்கள் முளைத்தன.

ஒரு நாள் மாலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். அவன் கையில் மூடியில்லாத தூக்குச்சட்டி, அது நிறைய மீன் குழம்பு. வழக்கம்போல நின்றபடி, சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தான். பஸ் ஒரு முனையில் வேகமாக வலது பக்கம் திரும்பியது. குழம்பு இடது பக்கம் எழும்பி, அங்கே உட்கார்ந்திருந்த ஒரு சீன அம்மாளின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அந்த அம்மாள் ஹொக்கியன் சீனத்தில் திட்டத் தொடங்கி மலாயில் முடித்தார்.

"பார்த்தியா கணேசு!" என்று கத்தினான் பிரஷர். "எல்லாம் லெஃப்டுக்கு ஓடுது! நம்ம உறிஞ்சுற குழா ரைட்டுல இருக்கு! அது எண்ணெயக் குடிக்கல, காத்தைக் குடிக்குது!"

அந்த அம்மாளிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டது நான். அவன் சட்டியின் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே பிஸ்கட் டின் ஒன்றை வெட்டினான். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியைக் கழற்றி, குழாயைச் சுற்றித் தகரத் தடுப்புகள் வைத்துப் பற்றவைத்தான். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குட்டிக் கதவு. எண்ணெய் உள்ளே வரலாம், வெளியே ஓட முடியாது. அதோடு விட்டானா? பந்தயத்தில் மீட்டர் பார்க்க நான் இருக்க மாட்டேனே! பாக்கியம் அக்காவின் வாசல் மணியைக் கழற்றி, பிரஷர் குறைந்தால் அடிக்கிற மாதிரி காரில் மாட்டிவிட்டான். காலையில் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் கிளம்பும்வரை சந்தில் மணி அலறும். அக்கா முன்வாசலுக்கு ஓடுவார்.

"யாருப்பா? இதோ வர்றேன்!"

வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். நான்கு நாள் ஓடிய பிறகுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது.

பந்தயத்துக்கு முன்னால் மூன்று நாள் லீவு வேண்டும். காரணம் என்று 'லோ பிரஷர், உடனே கவனிக்க வேண்டும்' என எழுதிக் கொடுத்தான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எங்கள் மேனேஜர் இளகிய மனசுள்ள வெள்ளைக்காரர். உப்பு அதிகம் சேர்த்துக்கொள்ளச் சொல்லி லீவு கொடுத்தார்.

பந்தயத்தன்று நான் ஒரு வலது வளைவில், கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தில் நின்றேன். பக்கத்தில் யாரென்று பார்த்தால் மேனேஜர்! பிரஷரின் கார் மூன்றாவதாகப் பறந்து போனது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"லோ பிரஷரை வைத்துக்கொண்டு இப்படி ஓட்டலாமா?"

"அவனுக்கு இல்லை சார், எஞ்சினுக்கு."

அவர் சிரித்துவிட்டு, என்னைவிடச் சத்தமாகக் கத்தி அவனை உற்சாகப்படுத்தினார். இன்னும் மூன்று சுற்றுதான் மீதி. கோப்பை கைக்கு எட்டும் தூரம். அப்போதுதான் கேட்டது. எங்கள் வளைவில் திரும்பும்போது, உறுமலுக்கு நடுவே, பாக்கியம் அக்காவின் வாசல் மணி.

தடுப்பு ஒன்று பிய்ந்துவிட்டது போல. அடுத்த சுற்றில், கல்யாண ஊர்வலக் கார் மாதிரி மெதுவாக வந்து வலது வளைவில் திரும்பினான். இடது வளைவில் பேய் மாதிரி பறந்தான். திரும்ப வலது வந்தால் திரும்ப ஊர்வலம். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொருவராக அவனைத் தாண்டினார்கள். ஏழாவதாக வந்தான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மூணே ரவுண்டுடா! மிதிச்சிருக்கலாம்லா! கப்பு வந்திருக்கும்!"

"கப்பு வந்திருக்கும். வண்டி வீட்டுக்கு வந்திருக்குமா?" என்றான். அன்று மாலையே தொட்டியைக் கழற்றி, பேரிங்கைத் துடைத்து என் கையில் வைத்தான். "தடவிப் பாரு. ஒரு கீறல் இருக்கா?" இல்லை. மழமழவென்று இருந்தது.

அடுத்த வருஷம் எனக்குக் கோலாலம்பூர் கிளைக்கு மாற்றல் வந்தது. அதைச் சொன்ன அன்று, "நல்லதுதானே, போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். புறப்படுகிற காலையில் அவனே தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனான். வண்டி சைக்கிளுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டு நகர்ந்தது. வலது வளைவில் மெதுவாகப் போனான். இடது வளைவிலும் மெதுவாகப் போனான். நேர் ரோட்டிலும் அப்படியே. பழக்க தோஷத்தில் மீட்டரைப் பார்த்தேன். முள் ஐம்பதில் அசையாமல் நின்றது.

"ஏண்டா, எஞ்சின் நல்லாத்தானே இருக்கு?"

"பேசாம உக்காரு. அவசரப்படுத்தாத" என்றான் பிரஷர்.

ஸ்டேஷனுக்குள் ஓடினோம். ரயில் இப்போதுதான் கிளம்பிப் போனது என்றார் போர்ட்டர்.

"ஐயோ!" என்றான் பிரஷர்.

அவ்வளவு சந்தோஷமான ஓர் ஐயோவை அதற்குப் பிறகு நான் யார் வாயிலும் கேட்டதில்லை.