லேப்டாப் வழியாகப் போன முத்தம்

வீட்டில் ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் படித்துவிட்டால், அந்த வீட்டில் எது பழுதானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மிக்ஸி, டிவி, ரேஷன் கடை மிஷினில் விழாத கைரேகை, எல்லாம் அவன் கணக்கு. நானும் அப்படியொரு பிள்ளைதான். ஒரே வித்தியாசம், எங்கள் வீட்டில் பழுதாக்குவதும் நானே.

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், வரிசையாக ஒட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அம்மா கொழுந்து எடுக்கிறவள். நான் வீட்டில் உட்கார்ந்தபடி வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். (அதை ஒரு வேலை என்று லயத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மழையில் நனையாமல் செய்வதெல்லாம் என்ன வேலை என்பது அவர்கள் கட்சி.) அந்த மழைக்காலத்தில், மூணாறு ரிசார்ட்காரர் ஒருவருக்காகத் தேனிலவு ஜோடிகளை அழைக்கும் பக்கம் ஒன்றைச் செய்தேன். உச்சியில் பெரிதாக ஒரு மணப்பெண் படம். வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம். பூக்களுக்கு நடுவில் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். உதட்டில் சிவப்பு லிப்ஸ்டிக், லேசான சிரிப்பு. திரையைத் தள்ளிக் கீழே போனால், ‘இருவருக்கு மட்டும்’ என்றொரு வரியும் அறை பதிவு செய்யும் பட்டனும் இருக்கும்.

பழைய போனில் பக்கம் கோணலாகத் தெரிகிறது என்று ரிசார்ட்காரர் குறைபட்டார். பழைய போன் என்றால் எங்களுக்கு அம்மாவின் போன்தான். இன்னும் வெளியே ஏற்றாத பக்கத்தைப் போனில் பார்க்க ஒரு வழி உண்டு. நேராக வெளியே போகாதே, என் லேப்டாப் வழியாகப் போ என்று போனின் வைஃபை செட்டிங்கில் சொல்லிவைக்க வேண்டும். அதற்குப் பிறகு போன் எதைத் தேடிக் கிளம்பினாலும் முதலில் லேப்டாப்பில் வந்து நிற்கும், எஸ்டேட் செக்போஸ்ட்டில் ஜீப் நிற்பதைப் போல. விடலாமா, திருப்பலாமா என்று லேப்டாப்தான் முடிவு செய்யும். ரிசார்ட்டின் முகவரியைக் கேட்டால் மட்டும் என் பக்கத்தைக் கொடு என்று அதற்கு எழுதிவைக்கப் பார்த்தேன். என்ன செய்தும் படியவில்லை. எரிச்சலில், யார் எதைக் கேட்டாலும் இதையே கொடுத்துத் தொலை என்று எழுதிவிட்டேன். உடனே படிந்தது. அம்மா போன், என் போன், லேப்டாப் மூன்றுக்கும் அதே ஏற்பாடு. மூன்றிலும் மணப்பெண் படுத்திருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் என் கையிலிருந்த அம்மாவின் போன் அடித்தது. பெரியம்மா இறந்துவிட்டாள்.

பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. மலையிறங்கி, பொள்ளாச்சி தாண்டி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தாள். சிறு வயதில் தாயை இழந்த அம்மாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. அம்மா அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "மொகத்த மட்டும் பாத்துரணும்லே" என்றாள்.

ஆனால் மலையிறங்கிப் போகும் மறையூர் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. வழக்கமாக எதற்கும் அஞ்சாத ஜீப்காரரே கையை விரித்துவிட்டார். விடுதியில் பிள்ளைகள் இருப்பதால் அடக்கத்தைத் தள்ளிவைக்க முடியாது என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் அடக்கம்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இப்போதெல்லாம் அடக்கத்தை நேரலையில் காட்டுவார்கள். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. இப்போது சாமியாருக்கு முன்னாலேயே ஸ்டூடியோக்காரர் வந்துவிடுகிறார். பெட்டியை மூடுமுன் சொந்தங்கள் வரிசையாக வந்து கடைசி முத்தம் கொடுப்பார்கள். அதன் பிறகு முகத்தைத் துணியால் மூடிவிடுவார்கள். அதற்குள் பார்த்தால்தான் உண்டு. நேரலையில் பார்த்துவிடலாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். (நான் பார்த்துக்கொண்டு எது உருப்பட்டிருக்கிறது?)

காலையில் லயத்துச் சனம் எங்கள் முன்னறையில் நிறைந்துவிட்டது. அம்மாவுக்குப் பக்கத்தில், அடுத்த வீட்டு ரோஸ்மேரி அக்கா. மழையில் டவர் பேச்சுக்கு மட்டும்தான் ஒத்துழைத்தது. நெட் வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வைஃபைதான். ஸ்டூடியோக்காரர் அவருடைய சொந்தப் பக்கத்தின் லிங்கை அம்மா போனுக்கு மெசேஜில் அனுப்பியிருந்தார். அதைத் தட்டி, போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நனைந்துகொண்டிருந்தவர்களுக்கு நாற்காலி எடுக்கப் போனேன். முந்தின நாள் செய்த ஏற்பாடு எதுவும் என் மூளையில் இல்லை. லேப்டாப் திறந்தபடி மூலையில் கிடந்தது.

"எக்கா" என்று அம்மா அலறிய சத்தம் கேட்டது.

கல்யாணமாகாத பெண்களை வெள்ளை கவுனும் பூக்கிரீடமும் வைத்து, மணப்பெண்ணைப் போலத்தான் எங்களில் அடக்கம் செய்வார்கள். அம்மா அழுதழுது கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். போன் திரையிலோ குறுக்கே விரிசல். நான் திரும்பி வந்தபோது, அம்மா போனை இரண்டு கையாலும் முகத்தோடு அணைத்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற சனம் மூக்கைச் சிந்தியது. ரோஸ்மேரி அக்கா மட்டும் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

தேனிலவு மணப்பெண் சிரித்தபடி படுத்திருந்தாள்.

நெட்வொர்க் சரியில்லை என்று உளறிக்கொண்டே போனைப் பிடுங்கினேன். லேப்டாப்பில் திறந்தால் அங்கேயும் அவள். என் போனிலும் அவள். ஒருவனுக்குக் கொஞ்சம் புத்தி இருந்தால், மூன்று இடத்திலும் தான் செய்த பக்கமே வருகிறதே, தன்மேல்தான் தப்பு என்று தோன்றும். நான் படித்தவன் அல்லவா, எனக்குத் தோன்றவில்லை. ரிசார்ட் பக்கத்தைத் திருடி எவனோ ஸ்டூடியோ பக்கத்துக்குள் புகுத்திவிட்டான் என்று முடிவுகட்டி, ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். சாவு வீட்டில் விளையாடுகிறீர்களா, உங்கள் பக்கத்தை எவனோ பிடித்துவிட்டான், உடனே நிறுத்துங்கள் என்றெல்லாம் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "ஏனுங் தம்பி, நான் பெட்டிகிட்ட நிக்கறனுங்க. துபாய்ல இருந்தெல்லாம் பாத்துட்டு இருக்கறாங்க. உங்க ஊட்லதான் ஏதோ கோளாறுங்க" என்றார். பின்னணியில் ஜெபம் கேட்டது. அவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் வாதாடினேன்.

அதற்குள் ரோஸ்மேரி அக்கா தன் போனை எங்கள் வைஃபையில் இணைத்து, அம்மா போனிலிருந்து அதே லிங்கைத் தனக்கு அனுப்பித் தட்டியிருந்தாள். அவள் போனில் எந்தச் செக்போஸ்ட்டும் இல்லையே. பளிச்சென்று வந்தது. பெட்டியை மூடி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மூலையில் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தேன். எல்லாம் புரிந்தது. அப்படியே மழையில் இறங்கி, மண் சரிந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா நிமிர்ந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பெட்டி குழிக்குள் இறங்குவதை ரோஸ்மேரி அக்காவின் போனில் பார்த்தாள். முகம் பார்த்தாயா என்று வாசலிலிருந்து யாரோ கேட்டதற்கு, "பாத்துட்டேன். சிரிச்ச மொகமா இருந்தா" என்றாள். நானும் ரோஸ்மேரி அக்காவும் தரையைப் பார்த்தோம்.

அடுத்த நாளே மணப்பெண்ணைத் தூக்கிவிட்டு ஒரு தேயிலை மலையைப் போட்டேன். ஜோடி வரவேண்டிய இடத்தில் மலை எதற்கு என்று ரிசார்ட்காரர் சண்டை போட்டு, வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அது ஒரு துக்கமாகவே படவில்லை. ஆண்டு முழுவதும் அம்மா எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் உண்மையைச் சொல்லலாம் என்று வாய் திறப்பேன், குழம்பு ஊற்றச் சொல்லிவிட்டு மூடிக்கொள்வேன்.

ஆண்டு நினைவுப் பூசைக்குக் கொழிஞ்சாம்பாறை போனோம். விடுதியில், பெட்டிக்குள் பெரியம்மா இருக்கும் போட்டோவை அம்மா கையில் கொடுத்தார்கள். கன்னம் ஒட்டிப்போய், வாய் லேசாகக் கோணி, அசல் பெரியம்மா. சிரிப்பு இல்லை.

அம்மா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "எங்கக்காளுக்கு லிப்ஸ்டிக் போட்டா எந்திரிச்சு வந்துல்ல அடிச்சிருப்பா" என்றாள்.

அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன்.

"முத்தங் குடுக்கும்போது தெரியாதுலே. ஒம் மூஞ்சியப் பாத்த பொறவு தெரிஞ்சுச்சு. ஒன்னையும் சேத்துப் பொதைக்கணும் போல நின்ன. ஒரே நாள்ல நான் எத்தன பேருக்கு அழுவேன்?"

நான் அழுதுகொண்டே, அவள் போனை என் லேப்டாப் வழியாகத் திருப்பிவிட்ட கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். விடுதிப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அம்மா என்னைக் கண்டுகொள்ளாமல் போட்டோவைத் தூக்கி, பெரியம்மாவின் ஒட்டிய கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"மொதல்ல குடுத்தது ஒன் லேப்டாப் வழியா சுத்திக்கிட்டு போயிருக்கும். இது நேரா போவும்" என்றாள்.

திரும்பும்போது பொள்ளாச்சி பஸ்ஸிலேயே அதை எல்லாச் சொந்தங்களுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் நான் வீட்டுக்கு வரக் கொஞ்சம் தாமதமானால், லயத்தில் யாராவது ஒருவர் வாசலில் நின்று, "என்னலே, லேப்டாப் வழியா சுத்தி வாறியா?" என்று கேட்காமல் விடுவதில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அம்மாவும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள்.