குப்பைக்கு ஒரு வாரம் வாய்தா

குப்பை போட வந்தவர்களைக் குப்பையோடு திருப்பி அனுப்பிய குப்பைக் கிடங்கு இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்க முடியும். அது எங்கள் பேரூராட்சியில் இருந்தது. காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால், என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கே வந்து சண்டை போடுவார்கள்.

கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கு அவர் வாய்தா அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டிய மூக்குக் கண்ணாடி. ஒரு கால் உடைந்து, அந்த மூலைக்குச் செங்கல் முட்டுக்கொடுத்த ஸ்டூல். மக்கள் கொண்டுவருகிற குப்பையை வாங்கி, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து உள்ளே அனுப்புவதுதான் அவர் வேலை. அவரோ அங்கே கோர்ட்டு நடத்திக்கொண்டிருந்தார்.

அழுகியது, நாறுவதெல்லாம் உடனே உள்ளே போய்விடும். "நாறுறதுக்கு வாய்தா கெடையாது" என்பது அவர் போட்ட சட்டம். சேர், டப்பா, மிக்ஸி, பை, படம் என்று எது வந்தாலும் விசாரணை உண்டு.

"இது எதுக்கு வேணாம்?"

"பழசாயிருச்சுக்கா."

"நீங்களுந்தான் பழசாயிட்டீக. ஒங்களைக் கொண்டாந்து போட்டாகளா? ஒரு வாரம் வீட்டுல வச்சுப் பாருங்க. அப்பவும் வேணாம்னு தோணுச்சுன்னா கொண்டாங்க, மறுபேச்சு இல்லாம வாங்கிக்கிறேன்."

இதுதான் வாய்தா. ஒரு வாரம், கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவந்தால் சொன்னபடியே வாங்கிக்கொள்வார். ஆனால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வராதவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலே அப்படி வந்ததுதான். யாரோ போட வந்திருக்கிறார்கள். வாய்தா என்றதும் வெறுத்துப்போய் அங்கேயே வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். "அவுக வந்து கேட்டா குடுக்கணும்ல" என்று பல வருடமாக அதன்மேலேயே உட்கார்ந்து பாதுகாத்தார்.

வலையபட்டிப் பக்கம் பெரிய வீட்டு ஆச்சி ஒருவர், சென்னையிலிருந்து வீட்டை ஒழிக்க வந்தவர், கார் நிறைய எனாமல் பூசிய மங்குச் சாமான்களோடு வந்து இறங்கினார். அடி தேய்ந்த கிண்ணங்கள், மூடி தொலைந்த தூக்குகள். கார்க் கதவைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

"ஆச்சி, ஒரு வாரம்."

"நாளைக்கு நான் ஊருக்குப் போகணும் ஆத்தா. டிக்கெட்டுப் போட்டாச்சு."

"டிக்கெட்டை மாத்திக்கலாம் ஆச்சி. இதைப் போட்டுட்டா மாத்த முடியாது."

ஆச்சி பயணத்தைத் தள்ளிப்போட்டார். எதற்கும் யாருக்கும் அடங்காத அந்த ஆச்சி ஏன் அடங்கினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஏழாம் நாள் கார் வந்தது. மங்குச் சாமானைக் காணோம். ஒரே ஒரு தூக்கு நிறையச் சீப்புச் சீடை இருந்தது. "இதுக்கும் வாய்தா போட்டுறாதே, நமுத்துப் போகும்" என்றார் ஆச்சி.

இன்னொரு நாள், கல்யாணமாகி ஆறு மாதமான ஒருவன், மாமனார் வீட்டுச் சீராக வந்த மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தான். காலையில் அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லையாம். வாய்தா விழுந்தது. மறுவாரம் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் வந்தார்கள். இந்தத் தடவை அவன் வாங்கி ஒருநாள்கூட மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிளைக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கும் வாய்தா.

இதையெல்லாம் ரசித்துச் சொல்கிறேனே தவிர, அன்று நான் ரசிக்கவில்லை. புகார்க் கடிதமெல்லாம் அலுவலகத்தில் என் மேசைக்குத்தான் வரும். அதோடு எனக்கும் ஒரு வாய்தா விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுப் பழைய குக்கரை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் ஏழெட்டுப் பேர். அக்கா மூடியைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சார், இதுல கேஸ்கெட்டு மட்டுந்தான் போயிருக்கு."

"தெரியும்மா. இருக்கட்டும், போட்டுரு."

"கடைக்குப் போகச் சோம்பப்பட்டுக் குக்கரையே தூக்கிட்டு வந்திருக்கீக! ஆபீஸுல ஒரு பைலை ஆறு மாசம் வச்சிருக்கத் தெரியுதுல்ல? இதை ஒரு வாரம் வச்சிருக்க முடியாதா?"

வரிசை மொத்தமும் சிரித்தது. தன் வரிக் கோப்பு எங்கே என்று என்னிடம் நடையாய் நடந்துகொண்டிருந்த ஒருவர் கைதட்டியே விட்டார். குக்கரோடு வீடு திரும்பினேன். அன்று பட்ட அவமானத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அதற்கு மட்டும் ஒரு வாரமல்ல, ஒரு வருடம் வாய்தா கொடுத்தேன்.

பிறகு கிடங்கு நவீனமானது. வாசலில் பீரோ உயரத்துக்கு ஓர் இயந்திரம் வந்து நின்றது. வீட்டுக்கு ஓர் அட்டை. அட்டையைக் காட்டி, திரையில் குப்பையின் வகையைத் தொட்டால் கதவு திறக்கும். போட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு, "நன்றி, மீண்டும் வருக" என்று ஒரு பெண் குரல் சொல்லும். எல்லாம் நாமே செய்துகொள்ளலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. திறப்பு விழா அன்று அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன் சார், எதைக் குடுத்தாலும் தின்னுருது. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குதே?"

"அதனாலதாம்மா இவ்வளவு நல்ல மிஷின்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு என் பக்கம்.

இனி வாசலுக்கு ஆள் தேவையா என்று செயல் அலுவலர் குறிப்புக் கேட்டார். அவர் ஊருக்குப் புதிது. நான் எழுதுவதுதான் அவருக்கு வேதம். 'தானியங்கி வசதி ஏற்பட்டுள்ளதால் தேவை எழவில்லை' என்று எழுதினேன். என் சர்வீஸில் வந்த அன்றே நான் எழுதி முடித்த ஒரே கோப்பு அதுதான்.

விஷயம் எப்படியோ கசிந்து, மத்தியானமே அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஒப்பந்த வேலை. போய்விட்டால் போனதுதான். அழுவார், சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நான் தயாராக இருந்தேன். அவர் அதெல்லாம் செய்யவில்லை.

"சார், ஒரு வாரம் வாய்தா குடுங்க. மிஷினும் இருக்கட்டும், நானும் ஓரமா இருக்கேன். ஒரு வாரம் வச்சுப் பாருங்க. அப்பவும் வேணாம்னு தோணுச்சுன்னா நானே போயிர்றேன்."

"பைலு மேல போயிருச்சும்மா. என் கையில ஒண்ணுமில்ல" என்றேன்.

பொய். கோப்பு என் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது. கையை எடுத்தால் தெரிந்துவிடும் என்று, அவர் படியிறங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சில நாள் ஊரே திருவிழாக் கோலம். பரணில் கிடந்தது, கொல்லையில் கிடந்தது எல்லாம் கிளம்பி வந்தன. கேட்க ஆளில்லையே. அக்கா போன ஐந்தாம் நாள் காலையில் யாரோ ஓர் இலவம்பஞ்சு மெத்தையை 'மக்கும் குப்பை' என்று தொட்டுத் திணித்துவிட்டார்கள். பாதி மெத்தை உள்ளே, பாதி வெளியே. இயந்திரம் விக்கி நின்றது. குரல் மட்டும் நிற்கவில்லை. மத்தியானம் வரை "நன்றி, மீண்டும் வருக, நன்றி, மீண்டும் வருக" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

செயல் அலுவலர் தலையில் பஞ்சோடு வந்தார். "வாசல்ல ஒரு ஆள் இல்லாம முடியாது போலிருக்கே. அந்தம்மாவையே கூப்பிடுங்க" என்றார்.

போனில் கூப்பிட்டேன். அக்கா திருப்பூரில் இருந்தார். மகள் ரொம்ப நாளாக வரச்சொல்லிக்கொண்டிருந்தாளாம். வேலை போன மறுநாளே பஸ் ஏறி, ஒரு ஹாஸ்டல் சமையலறையில் சேர்ந்துவிட்டார். அங்கே வேலைக்கு வருவதாகச் சொன்ன வார்த்தை மாற முடியாது என்றார். நான் மெத்தைக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்.

"இன்னைக்கு எத்தனாவது நாளு சார்?"

"அஞ்சு."

"அப்ப ஒரு வாரத்துக்குள்ளதான்" என்றார். குத்திக்காட்டவில்லை. தன் கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில்தான் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கும் துணிச்சல் இல்லை.

இயந்திரத்தைச் சரிசெய்தார்கள், இப்போதும் ஓடுகிறது. வாசலுக்கு வேறு ஆள் போட்டார்கள். நல்ல பையன், செல்போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். கடைசி நாளன்று கிடங்குக்குப் போனேன். சுவர் ஓரம் அக்காவின் ஸ்டூல், மழையில் நனைந்து கிடந்தது. "அதை உள்ள போட்டுருங்க சார்" என்றான் அந்தப் பையன். தூக்கிக்கொண்டு போய் இயந்திரத்தின் முன்னால் நின்றேன். அட்டையைக் காட்டினேன். கதவு திறந்தது. எதற்கு வேணாம் என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்டூல் இப்போது என் வீட்டு முன்கட்டில், செங்கல்லோடு இருக்கிறது. உள்ளே அந்தக் குக்கரில்தான் இன்னும் சோறு வேகிறது. ஞாயிறு தவறாமல் என் மனைவி கேட்கிறாள், "இந்த ஒடஞ்ச ஸ்டூலை எப்பத்தான் போடப்போறீக?"

"ஒரு வாரம் போகட்டும்" என்கிறேன். அவுக வந்து கேட்டா குடுக்கணும்ல.