பேர் போன வண்டி

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் புதுக் காரும் சுகமாக இருக்க வேண்டும். பழைய காரை விற்றுவிடச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? விற்க வேண்டாம், என்னிடமே விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். காரணத்தைக் கேட்டால் நீங்களே துள்ளிக் குதிப்பீர்கள்.

நீங்கள் அனுப்பிய புரோக்கர் முந்தாநாள் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "பேர் போன வண்டி சார் இது!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பின்னே? இதுக்கு இருந்த மவுசு தெரியுமா சார்!" என்று நான் ஆரம்பிக்க, உங்கள் அக்கா வாசலிலிருந்தே கத்தினாள்: "ஐயோ, பேரு உதிர்ந்து போச்சுன்னு சொல்றாருங்க! பின்னாடி போய்ப் பாருங்க!" போய்ப் பார்த்தால் பெயரில் இரண்டே எழுத்து பாக்கி. கதவுப் பூட்டுகளைச் சுற்றியிருந்த வளையங்கள் சொறி பிடித்த மாதிரி உரிந்து கிடந்தன. புரோக்கர் வேண்டாம் என்று போய்விட்டார்.

நான் அதோடு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ரோஷம் விடுமா? அன்றைக்கே புது எழுத்துகளும் வளையங்களும் வாங்கி வந்து, உங்கள் அக்காவின் ஹேர் டிரையரால் மிச்ச எழுத்துகளுக்குச் சூடு காட்டி, அடியில் தூண்டில் நரம்பை விட்டு ரம்பம் மாதிரி இழுத்துக் கழற்றி, பழைய பசையைத் தேய்த்தெடுத்து, கோணாமல் இருக்க டேப் ஒட்டி, கடைசி எழுத்தை வைக்கும்போது பார்த்து ஒரு தும்மல் வந்து, அது தலைகீழாக உட்கார்ந்துகொண்டு, அதைப் பிய்த்து மறுபடி ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா, "லெஃப்ட்ல தூக்குங்க! உங்க லெஃப்ட் இல்ல, என் லெஃப்ட்!" என்று என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! பூட்டு வளையங்கள் மட்டும் ஒரே அழுத்தில் 'க்ளக்' என்று உட்கார்ந்தன. அந்தச் சத்தத்துக்காகவே காருக்கு இன்னும் நாலு கதவு இருந்திருக்கலாம்.

எதிர்வீட்டு டாக்டர், "புதுசா எடுத்தீங்களா?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. சொல்லுங்கள், இதை விற்க மனசு வருமா? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பதற்கு என்று எனக்கு இருப்பது இந்த வண்டி ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் அனைவரும் நோய்நொடியின்றி, பஞ்சரும் இன்றி, பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
அன்பு அத்தான்

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் ஒரு விஷயம். புரோக்கர் இந்த வழியாகப் போயிருக்கிறார். வண்டியின் பளபளப்பில் அசந்துபோய், அங்கேயே நின்று உங்களுக்குப் போன் போட, நீங்களும் சரி என்று சொல்ல, உங்கள் அக்கா சாவியைக் கொடுத்துவிட்டாள். நான் அப்போது உள்ளே உட்கார்ந்து உங்களைக் கெஞ்சி எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடவும். உங்கள் புதுக் காரில் எழுத்து எதுவும் ஆடவில்லையே? லேசாக ஆடினாலும் சொல்லுங்கள், உடனே கிளம்பி வருகிறேன்.