வாங்காத அதிகாரி

உரிமம் கொடுக்கும் அதிகாரி பழக்கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சலவைக்கடைக்காரர் அதை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

"இதெல்லாம் இங்க வழக்கமில்லை. எடுத்துட்டுப் போங்க."

சொந்த நாட்டில் இருபது வருஷம் கடை நடத்தியவர் அவர். தண்ணீருக்கு ஒருவர், கழிவுநீருக்கு ஒருவர், பெயர்ப்பலகைக்கு ஒருவர் என்று வந்து வந்து கை நீட்டி, கடைசியில் அவரையே துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். லஞ்சமே இல்லாத நாடு என்று யாரோ சொன்னதை நம்பி, வீட்டை விற்று, இங்கே வந்து இரண்டு மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். உரிமம்தான் வந்தபாடில்லை. மாதக் கடைசிக்குள் கடையைத் திறக்காவிட்டால் இடத்துக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

"போயும் போயும் பழத்தையா நீட்டுவாங்க?" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்னாரே!"

"வேண்டாம்னா பத்தாதுன்னு அர்த்தம். இருபது வருஷம் கொடுத்த கைக்கு இதுகூடவா தெரியாது?"

மறுநாள் கைக்கடிகாரத்தோடு போனார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று ஏதோ எழுதி, கோப்பை மேலதிகாரிக்கு அனுப்பினார்.

"மேல போயிடுச்சா? அப்போ வேலை நகருது!" மனைவி துள்ளினாள். உடனே கையிலிருந்த வளையலைக் கழற்றினாள். அவளிடம் மிச்சமிருந்த தங்கம் அது ஒன்றுதான்.

"ஏய், இது வேண்டாம்."

"கடை திறந்தா பத்து வாங்கலாம். கொண்டு போங்க. மேலதிகாரிக்குப் பொண்ணு இல்லாமலா போயிடும்?"

மேலதிகாரி வளையலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மணியை அடித்தார். இரண்டு காவலர்கள் வந்தார்கள். வளையல் சாட்சிப் பொருளாக ஓர் உறைக்குள் போனது. ஐந்து வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று கோப்பில் ஓங்கி ஒரு முத்திரை விழுந்தது. வெளியே கொண்டுவந்து விடும்போதுகூட, "பார்த்துப் போங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அலுவலக வாசற்படியில் உட்கார்ந்து மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கடை போயிற்றே என்பதைவிட அவமானம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது.

வாசல் காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "என்ன சார் ஆச்சு?"

"தங்கமான மனுஷங்கய்யா இவங்க. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போய் வளையலை நீட்டிட்டேன். சும்மா இருந்திருந்தா தானா கெடைச்சிருக்கும். நல்ல நாட்டுக்கு வந்தும் நாறடிச்சிட்டேன்."

காவலாளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யாராச்சும் கையில கொடுப்பாங்களா சார்? எதிர் மாடியில உரிமம் கொடுக்கிற அதிகாரியோட சம்சாரம் ஆலோசனை நிலையம் வெச்சிருக்காங்க. அங்க கட்டணம் கட்டினா மூணே நாள்ல உரிமம், ரசீது வேற தருவாங்க!"