எங்கள் வீட்டருகே வளைந்த எல்லைக்கோடு

என் மனைவி தேர்தலில் நிற்கக் கூடாது என்று சபதம் எடுத்தேன். சபதத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இருந்தால் சபதம் எதற்கு?

ஏற்கெனவே தெருவின் குழாய்ச் சண்டை, குப்பைச் சண்டை எல்லாம் எங்கள் கூடத்தில்தான் தீர்கின்றன. நான் சமையலறைப் படியில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். அவள் கவுன்சிலரும் ஆகிவிட்டால் அந்தப் படியும் போய்விடும். இதுவரை என்னைக் காப்பாற்றி வந்தவர் மாமனார். எங்கள் ஐந்தாம் வார்டு கவுன்சிலர் அவர்தான். அப்பாவை எதிர்த்து அவள் நிற்க மாட்டாள்.

இந்த நேரம் பார்த்து மக்கள்தொகைக் கணக்கு வந்து தொலைத்தது. ஐந்தாம் வார்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கூடுதல். அவர்களை ஆறாம் வார்டுக்குத் தள்ள வேண்டும். எல்லை போடுவது யார்? நகராட்சி வரைபடப் பிரிவில் இருபது வருஷமாகப் பென்சில் சீவும் அடியேன்.

நேராகக் கோடு போட்டால் எங்கள் வரிசை முழுக்க ஆறுக்குப் போகிறது, கணக்கும் சரியாக வருகிறது. விடுவேனா? எங்கள் வீட்டை மட்டும் ஐந்திலேயே நிறுத்திக் கோட்டை வளைத்தேன். வரைபடத்துக்குத் தொப்பை போட்டது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து மை போட உட்கார்ந்தேன். மறுநாள் ஆணையரிடம் காட்ட வேண்டும். அவள் துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, கோடு ஏன் நம்ம வீட்டுக்கிட்ட வந்து வளையுது?”

“அது நில அமைப்பு.”

“நம்ம வீட்டைச் சுத்தி மலையா இருக்கு?”

நான் பென்சிலைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

“நாளைக்கு ஆணையர் இதையே கேட்டா வேலை போயிடுங்க. ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க. அழிச்சுட்டு நேரா போடுங்க.”

மகனின் பெட்டியிலிருந்து ரப்பரை அவளே எடுத்துக் கொடுத்தாள். அழித்து நேராகப் போட்டேன்.

மறுநாள் ஆணையர் கேட்ட முதல் கேள்வியே, வரைந்தவர்களின் வீடும் சொந்தக்காரர்களின் இடங்களும் எங்கே இருக்கின்றன என்பதுதான். மச்சினன் கடைக்காகக் கோட்டை நகர்த்தியிருந்த பக்கத்து மேஜைக்காரருக்கு அங்கேயே தற்காலிகப் பணிநீக்கம். என்னுடையதைப் பார்த்துவிட்டு, ஊரிலேயே யோக்கியமான கோடு என்று முதுகில் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் புண்ணியவதி இல்லாவிட்டால் நானும் தெருவில்தான் நின்றிருப்பேன்.

இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கூடம் நிறையக் கூட்டம். அவள் ஆப்பிளை வாங்கி அவர்களுக்கே நறுக்கிக் கொடுத்தாள்.

“ஆறாம் வார்டுல நிக்கிறேங்க. அப்பாவும் சரின்னுட்டார்.”

“அப்ப, இதுக்காகத்தான் நேரா போடச் சொன்னியா?”

“சேச்சே, உங்க வேலைக்காகத்தான். ஆனா நீங்க வளைக்காம இருந்திருந்தா நான் அந்தப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நிக்கலாம்னு தோணினதே அதைப் பார்த்துதான்.”

வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவள். என் முதல் ஓட்டு அவளுக்குத்தான் என்று மனதாரச் சொல்லிவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு சமையலறைப் படிக்குப் போனேன்.

அங்கே மாமனார் உட்கார்ந்திருந்தார்.