சீனாவும் அறுபத்தெட்டு யூனிட்டும்

“அறுபத்தெட்டா?” என்று ராசாங்கம் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“அறுபத்தெட்டுதான் சார். ரெண்டு மாசத்துக்கு.”

கரண்டு ரீடிங் எடுக்கும் தர்மன், பாப்பாயி டீக்கடை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மடியில் பெரிய நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கட்டு வெள்ளை அட்டைகள். டீ ஆறுவதுகூடத் தெரியாமல் எழுதுகிற கடமை வீரர்.

“ரெட்டிபாளையம் அய்யம்பெருமாள் வூடுதானே? மாடி வூடு?”

“லாரிக்கார அய்யம்பெருமாள்தான் சார். போன தடவையும் அதே அறுபத்தெட்டு.”

ராசாங்கத்தின் முகத்தில் துக்கமும் வெற்றியும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஏனென்றால் அவர் வீட்டுக் கணக்கும் அறுபத்தெட்டுதான். அவர் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மாடி இல்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு, அது நிற்கும் வரை வருகிற மிச்சக் காற்றில் பேப்பர் படித்து முடிக்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே அறுபத்தெட்டு என்றால், பிரிட்ஜும் கிரைண்டரும் இரண்டு டி.வி.யும் இருப்பதாகச் சொல்லப்பட்ட வீட்டில் எப்படி அறுபத்தெட்டு?

“சீனாவேதான்,” என்றார் ராசாங்கம்.

தர்மன் நோட்டை மூடிக்கொண்டு அவசரமாக எழுந்தார்.

அரியலூரில் மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் எடுப்பவர் ராசாங்கம். பாடத்தில் இருப்பது ஐந்தாண்டுத் திட்டம். அவர் மனதில் இருப்பது சீனா. திருச்சி பஸ்ஸில் மத்தியானம் வந்து சேரும் இங்கிலீஷ் பேப்பரைக் கத்தரித்துக் கத்தரித்து இரண்டு டிரங்குப் பெட்டி நிரப்பியிருந்தார். சீன நிதி மந்திரிக்கே தெரியாத இரண்டு விஷயம் அவருக்குத் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான்.

யாராவது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் உட்கார வைத்து விளக்குவார். தர்மன்கூட ஒரு தடவை ரீடிங் எடுக்க வந்து, சீன நாணயத்தின் மதிப்பு ஏன் இறக்கப்பட்டது என்பதைப் பத்து மணிக்குக் கேட்க ஆரம்பித்து, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கேட்டு முடித்தார். அதிலிருந்து அவருக்கு ராசாங்கத்திடம் தனி மரியாதை. “நீங்க எதுக்கு சார் சிரமப்படணும், அட்டையப் பாப்பாயி கடைக்குக் குடுத்தனுப்புங்க, எழுதித் தந்துடறேன்” என்று சொல்லிவிட்டார். படித்தவனுக்கு இந்த நாட்டில் மரியாதை போய்விடவில்லை என்பதற்கு ராசாங்கம் இதைத்தான் உதாரணம் காட்டுவார்.

விஷயம் இதுதான். அது 2002, சித்திரை மாதம், கோடை விடுமுறை. ராசாங்கத்தின் ஒரே மகள் ஜெயசித்ராவுக்கு ரெட்டிபாளையத்திலிருந்து வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை மணிவண்ணனுக்கு சிமெண்ட் ஆலையில் மேற்பார்வை வேலை. அப்பா அய்யம்பெருமாளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி நாலு. இதெல்லாம் தரகர் ஆண்டவர் சொன்னது. பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வைகாசியில் நிச்சயம் வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். ராசாங்கம் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி செங்கமலத்திடம் அறுபத்தெட்டை அவிழ்த்தார்.

“தொண்ணூத்தெட்டுல சீனா என்னா சொன்னான்? ஏறக்குறைய எட்டு சதவீதம் வளந்துட்டோம்னான். கரண்டு உற்பத்தி மூணு சதவீதம்கூட ஏறல. மில்லு ஓடாம துணி வந்துச்சா? அவன் சொல்ற மொத்தக் கணக்க நம்பவே கூடாது செங்கமலம். மூணு பாக்கணும். கரண்டு எவ்வளவு எரிஞ்சுது, சரக்கு எவ்வளவு போச்சு, எதிர் நாட்டுக்காரன் தன் நோட்டுல என்னா எழுதி வெச்சிருக்கான். இந்த மூணும் பொய் சொல்லாது.”

“ஏங்க, நாம என்ன சீனாவுலயா பொண்ணு குடுக்கறோம்?”

“நம்பர் எந்த ஊர்ல இருந்தாலும் நம்பர்தான்.”

ஜெயசித்ரா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா, அவர் பஜ்ஜி தின்ன தட்டத் தானே எடுத்துட்டுப் போயி அடுப்படியில வெச்சாரு. எனக்கு அந்தப் புள்ளிவிவரம் போதும்.”

“ஒத்தைத் தகவல வெச்சு முடிவு எடுக்கக் கூடாதும்மா,” என்றார் ராசாங்கம் கனிவாக.

அடுத்தது சரக்குப் போக்குவரத்து. நாலு லாரி உண்மையா என்று பார்த்துவிட்டால் பிரிட்ஜின் யோக்கியதை தெரிந்துவிடும். மறுநாள் காலையே கிளம்பினார். வேட்டி, பேண்ட் எல்லாவற்றையும் செங்கமலம் ஊறவைத்திருந்ததால், பள்ளியில் தேசிய மாணவர் படைக்குப் பொறுப்பாளராக இருக்கும் அவர், அந்தக் காக்கி பேண்ட்டையே மாட்டிக்கொண்டார். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. கையில் நோட்டு. ரெட்டிபாளையம் சாலையில் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து, போகிற வருகிற லாரி நம்பரையெல்லாம் எழுதத் தொடங்கினார்.

எட்டிலிருந்து ஒன்பதுக்குள் இருபத்திரண்டு நடை. ஒன்பதிலிருந்து பத்துக்குள் ஏழு. நடுவில் ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கிவந்து, இளநீர் ஒன்றைச் சீவி மரியாதையாக நீட்டினார்.

“அதெல்லாம் வேண்டாம்ப்பா,” என்றார் ராசாங்கம். “எனக்கு உண்மையான கணக்கு மட்டும் கிடைச்சாப் போதும்.”

டிரைவரின் முகம் சிமெண்ட் நிறத்துக்கு வந்தது. இளநீர் வாங்காத அதிகாரியை அந்தச் சாலை அதுவரை பார்த்ததில்லை. பத்து மணிக்கு மேல் ஒரு லாரி வரவில்லை. காக்கை கூட அந்தப் பக்கம் பறக்கவில்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

ராசாங்கம் நோட்டில் எழுதினார்: ‘பத்து மணியிலிருந்து சரக்குப் போக்குவரத்து பூஜ்யம். கடும் மந்தநிலை.’

மத்தியானத்துக்குள் காரணம் பாப்பாயி கடைக்கு வந்துவிட்டது. அதிக பாரம் பிடிக்கிற பறக்கும் படை வந்து மதகின் மேல் உட்கார்ந்திருப்பதாகப் பயந்து, சுற்றுவட்டாரத்து லாரிகளெல்லாம் முந்திரித் தோப்புகளுக்குள் போய் ஒளிந்துகொண்டன. சாயங்காலத்துக்குள் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. பறக்கும் படை என்பது பெண்ணின் அப்பா.

“இப்ப என்னா பண்ணப் போறீங்க?” என்றாள் செங்கமலம்.

“மூணாவது கணக்கு இருக்கே,” என்றார் ராசாங்கம். அவர் நம்பிக்கை ஒரு யூனிட்கூடக் குறையவில்லை.

மூன்றாவது, எதிர் நாட்டுக்காரன் நோட்டு. சீனா தான் அமெரிக்காவுக்கு அனுப்பியதாகச் சொல்லும் சரக்கு ஒரு கணக்கு. சீனாவிலிருந்து வந்ததாக அமெரிக்கா எழுதிவைப்பது அதைவிடப் பெரிய கணக்கு. நடுவில் ஹாங்காங் வழியாகப் போகிற சரக்கை ஆளுக்கொரு மாதிரி எழுதுவதால் வருகிற வித்தியாசம். ஆகவே, தங்களைப் பற்றி ரெட்டிபாளையத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நேரே தரகர் வீட்டுக்குப் போனார்.

“ஆண்டவரே, ஜெயங்கொண்டம் பக்கம் எனக்கு இருக்கற முந்திரித் தோப்பு எவ்வளவுன்னு சொன்னேன்?”

“ஒன்றரை ஏக்கர்னு சொன்னீங்க.”

“அவங்ககிட்ட நீங்க எவ்வளவுன்னு சொன்னீங்க?”

ஆண்டவர் வெற்றிலையைப் பார்த்தார். சுண்ணாம்பைப் பார்த்தார். “ஒரு பேச்சுக்கு, ஆறு.”

“ஒன்றரை கெளம்பிச்சு, ஆறாப் போயி எறங்கியிருக்கு. நீங்கதான் ஹாங்காங்.”

“எனக்கு அந்த ஊர்லாம் தெரியாதுங்க. நான் குன்னத்தத் தாண்டி வரன் பாக்கறதில்ல.”

ராசாங்கம் போனதும் ஆண்டவர் சைக்கிளை எடுத்தார். அய்யம்பெருமாள் வீட்டுக்குப் போய், வாத்தியார் தன்னை என்னவோ வெளிநாட்டுப் பெயர் சொல்லித் திட்டியதையும், தோப்பு ஆறு இல்லை ஒன்றரைதான் என்பதையும், தான் குற்றமற்றவர் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்று இரவே சொல்லி அனுப்பினார்கள்: வாத்தியாரை நேரில் வரச் சொல்லுங்கள், பேசி ஒரு முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

ஜெயசித்ரா அழவில்லை. அப்பாவின் வெள்ளை வேட்டியை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். “இத உடுத்திக்கிட்டுப் போங்க. காக்கி வேண்டாம். இந்த எடம் தட்டிப்போச்சுன்னா நான் அடுத்த வரனுக்குப் பஜ்ஜி சுடறதா இல்லப்பா.”

அவ்வளவு தெளிவான எச்சரிக்கையை ராசாங்கம் எந்த நாட்டிலிருந்தும் வாங்கியதில்லை.

ரெட்டிபாளையத்தில் அய்யம்பெருமாள் வீட்டு வாசலில் ஒரு கறுப்பு நாய் கட்டியிருந்தது. கன்றுக்குட்டி அளவு. பேப்பர் போடுகிறவர் தெருமுனையில் நின்றே பேப்பரை வீசிவிட்டுப் போவாராம். வீசுகிற பழக்கத்தில் அவர் மாவட்டக் குண்டெறிதலில் இரண்டாவது வந்தார் என்றுகூடச் சொல்கிறார்கள். அய்யம்பெருமாளே வந்து நாயைப் பிடித்துக்கொண்டு, ராசாங்கத்தை உள்ளே அனுப்பினார்.

உள்ளே பிரிட்ஜ் இருந்தது. டி.வி. இரண்டு இருந்தன. மாடிப்படி இருந்தது. அடுப்படியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்த லாரிகளை ராசாங்கம் எண்ணினார். நாலு.

“லாரி நம்பர எழுதினது நீங்கதானா?” என்றார் அய்யம்பெருமாள்.

“நான்தான்.”

“எங்க வண்டி மட்டும் இல்ல, ஊரு வண்டியே நின்னு போச்சு. எதுக்குங்க எழுதுனீங்க?”

ராசாங்கம் சொன்னார். சீனாவிலிருந்து ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாய்கூட நடுவில் குரைப்பதை நிறுத்திவிட்டது. கடைசியில் அறுபத்தெட்டுக்கு வந்து சேர்ந்தார். “இவ்வளவும் இருக்கற வூட்டுல அறுபத்தெட்டு யூனிட் எப்படிங்க? எனக்கு அது மட்டும் வெளங்கல.”

அய்யம்பெருமாள் நிமிர்ந்தார். “அறுபத்தெட்டா? நம்ம வூட்டுலயா? அட்டையெல்லாம் வூட்டுலதான் பாத்துக்கறாங்க.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெற்றிச்செல்வி எட்டிப் பார்த்தாள். “பின்ன? ஒவ்வொரு சுவிட்சா ஓடி ஓடி அணைக்கறது யாருன்னு நெனச்சீங்க?” கிரைண்டர் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ராசாங்கத்துக்கு உள்ளே எதுவோ பளிச்சென்று எரிந்தது. இது பொய்க் கணக்கு இல்லை. சேமிப்பு. “சீனாவோட பலமே அதுதாங்க. நாட்டு வருமானத்துல நூத்துக்கு நாப்பது வரைக்கும் எடுத்து வெச்சிடறாங்க. இத்தன பொருள் வெச்சுக்கிட்டு அறுபத்தெட்டோட நிறுத்தற குடும்பத்த நான் சந்தேகப்பட்டுட்டேன்.”

அய்யம்பெருமாள் சிரித்தார். “நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஆறு ஏக்கர்ன்னு ஆண்டவரு சொன்னப்பவே நான் நம்பல. அந்தத் தர்மனப் புடிச்சு உங்க வூட்டு ரீடிங் என்னான்னு கேட்டேன். அறுபத்தெட்டுன்னாரு. வாத்தியார் சம்பளம் வாங்கிக்கிட்டு அறுபத்தெட்டோட நிக்கறவரு பொண்ணு வந்தா வூடு வெளங்கும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தோப்பு ஒன்றரையோ அரையோ, அத வுடுங்க.”

“உங்களுக்கும் அறுபத்தெட்டு, எங்களுக்கும் அறுபத்தெட்டு.”

“பத்துப் பொருத்தத்தோட இது பதினொண்ணாவது,” என்றார் அய்யம்பெருமாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வைகாசியில் நிச்சயம். ராசாங்கம் வீட்டு வாசலில் பந்தல். தட்டு மாற்றியாயிற்று. ஜெயசித்ராவும் மணிவண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள். முதல் பந்தியில், இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில், தர்மனுக்கு இலை போட்டிருந்தது. ராசாங்கம் அவர் தோளில் ஒரு சரிகைத் துண்டைப் போர்த்தி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“தரகர் சொன்னது பொய்யாப் போச்சு. ஜோசியரு சொன்னது பாதிதான். இந்த மனுசன் எழுதின நம்பர்தான் ரெண்டு குடும்பத்தயும் சேத்து வெச்சிருக்கு. நம்பர் பொய் சொல்லாது. தர்மன், நீங்களே சொல்லுங்க. ஊரெல்லாம் ஏறி எறங்கறீங்க. எங்க ரெண்டு வூட்டு மாதிரி சரியா அறுபத்தெட்டோட நிக்கற வூடு வேற எங்கயாவது உண்டா?”

தர்மன் பாயசத்தை வழித்து முடித்தார். துண்டின் சரிகையைத் தடவிப் பார்த்தார். நல்ல மனிதர், சாப்பிட்ட வீட்டில் பொய் சொல்ல மனசு வரவில்லை.

“அவங்க வூட்டுல நாயி, உங்க வூட்டுல சீனா. ஏழு வருசமா ரெண்டு வாசலயும் மிதிக்காம வேப்பமரத்தடியிலயேதான் சார் எழுதிக்கிட்டு இருக்கேன்.”