திரும்பி வரவும் எண்ணெய்

பேசாலை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள தம்பி ரொபின்சனுக்கு,

இங்கு நானும் மாக்கிறட்டும் பிள்ளையும் சுகம். திருச்சியில் நீயும் வீட்டாரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவாய். அதனால்தான் கடிதமாக எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பந்தயம் முடிந்த நாள் முதல் என் மகள் ஜெனிஸ்ராவும் உன் மகள் துசாந்தினியும் கதைப்பதில்லை. காரணம் நான்தான். நேரில் ஒருநாளும் கண்டிராத பிள்ளைகள், கணினி விளையாட்டில் ஒரே காரை மாறி மாறி ஓட்டி ஒட்டிக்கொண்டதுகள். ஆறு மணித்தியாலப் பந்தயம். என்ன வேகத்தில் ஓடுவது, எண்ணெய் போட எந்தச் சுற்றில் காரை உள்ளே எடுப்பது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். "பெரியப்பா, காலமெல்லாம் மீன்பிடி போட்டுக்கு எண்ணெய்க் கணக்குப் பாக்குறீங்க, நீங்களே பிளான் போடுங்க" என்றாள் உன் மகள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடலுக்குப் போகிறவன் எப்படிப் போடுவான்? போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு. அதையே போட்டேன். எண்ணெய்த் தாங்கியில் ஒரு பங்கு குறைந்ததும் "பிள்ளை, திருப்பு!" என்று கத்தினேன், மற்றவர்கள் ஒரு தடவை உள்ளே வருமுன் நாங்கள் மூன்று தடவை வந்துவிட்டோம், வந்தும் சும்மா இருந்தேனா, ரயர் மாற்றப் போன பிள்ளைகளை "நல்ல ரயரை ஏன் எறியிறியள்?" என்று தடுத்தேன், முறுக்கினால் எஞ்சின் எண்ணெய் குடிக்கும் என்று வேகத்தையும் குறைக்க வைத்தேன், கடைசியில் தேய்ந்த ரயர் வழுக்கி, துசாந்தினி ஓட்டிக்கொண்டிருந்த கார் மணலுக்குள் போய் நின்றது. முதல் பத்துக்குள் வந்தால் கிடைக்கவிருந்த பெரிய போட்டியும் போச்சு. மணலில் நின்ற காரில் முக்கால் தாங்கி எண்ணெய் இருந்தது.

"அப்பா, எங்க திரும்பி வாறது? அது வட்டம். ஓடிக்கொண்டிருந்தாலே வெளிக்கிட்ட இடத்துக்கு வந்திடுவம்" என்றாள் ஜெனிஸ்ரா.

அந்தச் சொல் என்னை விடவில்லை, தம்பி. திரும்புவதை நினைக்காமல் நான் எங்கும் போனதில்லை. மண்டபம் அகதி முகாமிலும் பெட்டியை முழுதாகப் பிரிக்க விடாத மனிசன் என்று மாக்கிறட் இப்பவும் ஏசுவாள். நீ அங்கேயே தொழில் பிடித்துத் தங்கிவிட்டாய். இருக்கிறதை முழுக்க எரித்து ஓடவும் ஒரு துணிவு வேண்டும். எனக்கு அது இல்லை.

ஆகவே பதவி விலகுகிறேன். என்மேல் உள்ள கோபத்தை ஜெனிஸ்ராமேல் காட்ட வேண்டாம் என்று உன் மகளிடம் சொல். நாங்கள்தான் கடலுக்கு இரண்டு பக்கமாகப் போனோம், பிள்ளைகளாவது சேர்ந்திருக்கட்டும். அதை நானே கெடுத்தேனே என்று சோறு இறங்கவில்லை.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர். மாதா உங்களைக் கைவிடமாட்டா.

உன் அண்ணன்,
பிலிப்பு

பி.கு.: உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஜெனிஸ்ரா துசாந்தினியோடு கதைத்துக் கதைத்துக் கார் ஓட்டுகிறாள். சண்டையே இல்லையாம். என் இடத்துக்குப் புதிய ஆளைப் போட்டது தெரிந்தால் என் மனம் நோகும் என்று ஒளித்தார்களாம். "ஆர் அந்தப் புது ஆள்?" என்றேன். "சித்தப்பா" என்றாள். ஏற்கெனவே நீக்கப்பட்டவன் எப்படி விலகுவது? மேலே எழுதியதை நீ வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள். எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. அடுத்த பந்தயத்தில் காரை முதலில் எந்தச் சுற்றில் உள்ளே எடுக்கிறாய் என்று எனக்கு மட்டும் சொல்.